இலக்கமிட்ட பதினொரு மரங்கள்

காலை ஆறு மணி இருபது நிமிடம். முதலில் கண்ணில் பட்டது, ஒரு பாலை மரத்தில் வெள்ளைப் பெயின்றால் எழுதியிருந்த 4 என்ற இலக்கம்.

நெஞ்சு உயரத்தில் பட்டையை உள்ளங்கை அகலத்துக்குச் சீவி, அந்த இடத்தில் எழுதியிருந்தார்கள். தொட்டுப் பார்த்தேன். விரலில் ஒட்டவில்லை. கீழே விழுந்திருந்த பட்டைச் சீவல்களின் உட்புறம் இன்னும் சிவப்பாக இருந்தது. முதல் நாள் பகலில் நடந்த வேலை. சுற்றிப் பார்த்தேன். பாலை ஆறு, முதிரை மூன்று, வீரை இரண்டு. ஒன்று முதல் பதினொன்று வரை எல்லாவற்றிலும் இலக்கம் இருந்தது.

எண்பத்திரண்டாம் ஆண்டு, மாசி மாதம். யாழ்ப்பாணத்து நாளிதழ் ஒன்றுக்குக் கிளிநொச்சிப் பகுதிச் செய்திகளை அனுப்பிக்கொண்டிருந்தேன். ஸ்கந்தபுரத்துக்கு அப்பால் ஒரு சிறு குளத்தின் கட்டை ஒட்டி இருந்த குடியேற்றத்தில், வாடகைக்கு ஓர் அறை எடுத்திருந்தேன். காலையில் குளக்கட்டில் நடப்பேன். மரங்கள் நின்றது என் அறையிலிருந்து இரண்டு வேலி தள்ளி இருந்த காணியின் பின்பக்கம், குளக்கட்டுக்குக் கீழே.

காணியில் இருந்தவர்கள் ஒரு கணவனும் மனைவியும். எழுபத்தேழுக் கலவரத்தோடு மலையகத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து வந்தவர்கள். மனைவியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். அங்கே கொழுந்து பறித்தவர். கணவன் தேயிலை காய்ச்சும் தொழிற்சாலைக்கு, அவர்கள் சொல்லும் ஸ்டோருக்கு, விறகு வெட்டும் கூட்டத்தில் வேலை செய்தவர். இங்கே வந்து ஒரு ஏக்கர் காட்டை இருவரும் தங்கள் கையால் வெட்டித் திருத்தினார்கள். மண் சுவர், கிடுகுக் கூரை, மரவள்ளி, மிளகாய். பின்பக்கத்து மரங்களை மட்டும் கணவன் விட்டு வைத்திருந்தார். என்றாவது கல் வீடு கட்டினால் கதவு நிலைக்கும் கூரை வளைக்கும் ஆகும் என்பது அவருடைய கணக்கு.

அவர்களிடம் காணிக்கு அனுமதிப்பத்திரம் இல்லை. குடியிருப்பதாக ஒரு துண்டுக் கடதாசி மட்டும்தான் இருந்தது. நிரந்தர வீடு கட்டியவர்களுக்குத்தான் அனுமதிப்பத்திரம் என்று அரசாங்கக் காணிக் கந்தோரில் சொல்லியிருந்தார்கள். வீடு கட்டச் சீமெந்தும் கூரைத் தகடும் தரும் உதவித் திட்டம் ஒன்று அந்த ஆண்டு வந்தது. அக்கா விண்ணப்பித்திருந்தார். படிவத்தை நிரப்பியது நான். தோட்டத்து லய வீட்டை விட்டு அவர்கள் கையில் அகப்பட்டதோடு ஓடி வந்தவர்கள். மறுபடி ஒருவன் வந்து எழும்பு என்றால் காட்டுவதற்கு ஒரு கடதாசி வேண்டும். அந்த வீட்டில் அதைத் தவிர வேறு ஆசை எதையும் நான் கேட்டதில்லை.

இலக்கங்களைக் கண்ட அன்று காலையே, அவர்கள் கூலிக்கு நெல் அரிவு வெட்டப் போகுமுன் பிடித்தேன்.

கணவன் மரங்களைச் சுற்றி ஒரு நடை நடந்து வந்தார். "பதினொண்ணு. வரிசை தப்பாமத்தான் போட்டிருக்கான்."

"என்னத்துக்கு?"

"வெட்டத்தான். வேற எதுக்கு? ஸ்டோருக்கு வெறகு வெட்டுறப்ப கணக்கப்பிள்ளை இப்படித்தான் தார்ல நம்பர் போடுவாரு. நம்பர் போட்ட மரத்த வெட்டாம வந்தா அன்னைக்குப் பேரு கிடையாது. நம்பர் இல்லாத மரத்தத் தொட்டா வேலையே கிடையாது."

பேர் என்று அவர் சொன்னது அன்றைய கூலிக்கான பதிவை. இருபத்தைந்து வருடம் அவர் இலக்கம் பார்த்துக் கோடரி போட்டவர். மரத்தில் இலக்கம் எழுதுவதற்கு வேறு காரணம் இருக்கும் என்று அவருக்குத் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. ஆனால் என்னுடைய காரணம் வேறு. கண்டி வீதியில் லொறிகளில் போகும் முதிரைக் குற்றிகளின் வெட்டு முகத்தில் வெள்ளை இலக்கங்களைக் கண்டிருக்கிறேன். அனுமதி எங்கோ ஒரு காட்டுக்கு எடுப்பார்கள், மரம் வேறெங்கோ தறிப்பார்கள். அதைப் பற்றி இரண்டு முறை செய்தி எழுதியிருந்தேன்.

சந்தியில் ஒரு தேத்தண்ணிக் கடை இருந்தது. கடைக்காரர் மல்லாவிப் பக்கத்து ஆள், வன்னியிலேயே பிறந்து வளர்ந்தவர். அவருக்குத் தெரியாமல் அந்த வீதியில் மாட்டு வண்டிகூடப் போகாது.

"நேற்று மூண்டு மணிபோல வந்தவர். காணிக் கந்தோர் உத்தியோகத்தர், புது ஆள், யாழ்ப்பாணத்துப் பெடியன். மோட்டச்சைக்கிள். பின்னால சைக்கிளில ரெண்டு பேர், ஒரு பெயின்ற் வாளி. இஞ்ச தேத்தண்ணி குடிச்சவர். சீனி வேண்டாம் எண்டவர். சீனி வேண்டாம் எண்டுற உத்தியோகத்தரை நான் நம்பமாட்டன்."

"என்ன சொன்னவர்?"

"மரங்களுக்கு நம்பர் போட்டிருக்கிறன், கடிதம் வரும் எண்டவர். வேற கதை இல்லை."

அன்றே சைக்கிளில் கிளிநொச்சிக்குப் போனேன். உத்தியோகத்தர் வெளிவேலை என்றார்கள். மேசையில் இருந்த எழுதுவினைஞர் நான் நிருபர் என்றதும் திறந்திருந்த கோப்பை மூடினார். "கடிதம் வரும்" என்றார். இரண்டு வெவ்வேறு ஆட்கள் ஒரே வசனத்தைச் சொன்னால் அது யாரோ சொல்லிக் கொடுத்தது என்று நினைப்பது என் தொழில் வழக்கம். திரும்பி வந்து அக்காவிடம் சொன்னேன்: "ஒரு கிழமைக்குள்ள லொறி வரும் எண்டு நினைக்கிறன்."

அவர் மரங்கள் நின்ற பக்கம் ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்தார். பிறகு கணவனைப் பார்த்தார். "நம்ம மரம். அவன் கொண்டு போறதுக்கு நாம ஏன் பாத்துக்கிட்டு நிக்கணும்? வெட்டுறதுக்குத்தானே நம்பரு. நாமளே வெட்டிப் போடுவோம்."

நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

அரிவு வெட்டை விட்டுவிட்டு, கணவனும் அவருக்குத் தெரிந்த ஆட்கள் நான்கு பேரும் சேர்ந்து மூன்று நாளில் பதினொன்றையும் தறித்தார்கள். இலக்க ஒழுங்கிலேயே தறித்தார்கள். ஒன்று, இரண்டு, மூன்று. பாலை இரும்பு மாதிரி. கோடரி இரண்டு முறை காம்பு உடைந்தது. நான்காம் இலக்கத்துப் பாலை விழுந்தபோது மேலே இருந்த குரங்குகள் பக்கத்து மரத்துக்குத் தாவின, அது ஐந்தாம் இலக்கம். கிளைகளை வெட்டி, குற்றிகளை உருட்டி வீட்டுப் பின்சுவரோடு அடுக்கி, மேலே வைக்கோலைப் போட்டு மூடினார்கள். நான் ஒவ்வொரு குற்றியின் சுற்றளவையும் நூலால் அளந்து என் குறிப்புப் புத்தகத்தில் எழுதினேன். அன்றிரவே செய்தி எழுதி, காலை பஸ்ஸில் அனுப்பினேன். மரங்களில் மர்ம இலக்கங்கள், குடியேற்ற மக்கள் சந்தேகம் என்று உள்பக்கத்தில் ஒரு சிறு கட்டமாக வந்தது.

கடிதம் வந்தது பன்னிரண்டாம் நாள். லொறி வரவில்லை.

அக்கா உறையைப் பிரிக்காமலே என்னிடம் கொண்டு வந்தார். தமிழில் தட்டச்சு செய்த ஒரு பக்கம். முற்றத்தில் நின்றபடி வாசித்தேன். அதில் இருந்தது இவ்வளவுதான்: வீட்டு உதவி பெறும் ஒவ்வொருவரும், கட்டடம் எழும் காணியில் காட்டு உயிர்களுக்கு முன்னர் இருந்ததைவிட நல்ல நிலை பின்னர் இருக்கும்படி செய்ய வேண்டும். தங்களுடைய காணியில் பறவைகளுக்கும் விலங்குகளுக்கும் உணவும் இருப்பிடமும் தரும் பதினொரு மரங்கள் இலக்கமிடப்பட்டுள்ளன. அவற்றைத் தொடர்ந்து நிற்கவிடுவது நிபந்தனையின் பெரும்பகுதியை நிறைவேற்றியதாகக் கொள்ளப்படும். மாசி இருபத்தெட்டாம் திகதி பரிசோதனை.

கணவன் கோடரியைத் தீட்டிக்கொண்டிருந்தார். கை நின்றது.

"திருப்பி வாசிங்க தம்பி" என்றார் அக்கா.

திருப்பி வாசித்தேன்.

"நிக்கவிடணுமா?"

"ஓம்."

"பதினொண்ணையுமா?"

"ஓம்."

அவர் வைக்கோல் குவியலைப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன்.

கடைக்காரருக்கு விஷயம் எப்படிப் போனதென்று தெரியாது. மாலையில் அவரே வந்துவிட்டார்.

"ஆனை தள்ளிப்போட்டுது எண்டு சொல்லுங்கோ."

"ஆனை கோடாலியோடயா வந்திச்சு?" என்றார் அக்கா.

"அப்ப குற்றியளைத் திருப்பி நட்டு வையுங்கோ. அவர் மோட்டச்சைக்கிளில இருந்து இறங்காட்டில் தெரியாது."

கணவன் முதல் முறையாகச் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. "நாங்க வீடு கேட்டோம். இவங்க கொரங்குக்கு வீடு கேக்குறாங்க" என்றார்.

கடைக்காரர் அதைச் சிரிப்பாக எடுக்கவில்லை. "குரங்குக்கு இல்லை. எல்லாம் கதை. இப்ப மரத்துக்கு நம்பர். பிறகு ஒரு பலகை. பிறகு வேலி. பிறகு இது ஒதுக்குக் காடு, நீங்கள் எழும்புங்கோ எண்டுவினம். காணி பிடிக்கிறவன் முதலில மரத்திலதான் அன்பு வைப்பான்."

அவர் சொன்னதில் எனக்குப் பிழை தெரியவில்லை. அந்த நாட்களில் வன்னியில் எல்லைக்கல் சுமந்து வருகிறவர் யாராக இருந்தாலும் சனம் வேலிக்குள் நின்றுதான் கதைத்தது. குடியேற்றம், ஒதுக்குக் காடு, குளத்து ஒதுக்கு நிலம் என்று ஒவ்வொரு வரைபடத்திலும் கோடு ஒவ்வொரு இடத்தில் போனது. ஒரு கோடு உள்ளே வந்தால் சில குடும்பங்கள் வெளியே போயின.

கடிதத்தில் இருந்த அந்த வசனத்தை நான் குறிப்புப் புத்தகத்தில் எழுதி வைத்தேன்: முன்னர் இருந்ததைவிட நல்ல நிலை பின்னர். வாசிக்க நல்ல வசனம். ஆனால் முன்னர் என்ன இருந்தது என்று யார் எண்ணியது? நான்கைந்து வருடத்துக்கு முன் அந்த ஒரு ஏக்கரில் முழுக் காடு நின்றபோது யாரும் வரவில்லை. அதை வெட்டியபோதும் வரவில்லை. சீமெந்து தருவோம் என்றபோது அதோடு சேர்ந்து சட்டமும் வந்தது. இரண்டாவது, நல்ல நிலை என்றால் எவ்வளவு? ஒரு பச்சைப்புறா கூடினால் போதுமா? அளக்கச் சொல்லும் சட்டம் அளவுகோலைச் சொல்லவில்லை என்றால், அளவுகோல் உத்தியோகத்தரின் சட்டைப்பையில் இருக்கிறது என்று அர்த்தம். அப்படித்தான் அன்று நினைத்தேன்.

இருபத்தெட்டாம் திகதி, காலை பத்து மணிக்கு அவர் வந்தார். முப்பது வயது இருக்காது. மெலிந்த ஆள், கண்ணாடி. மோட்டார்சைக்கிளை வேலிக்கு வெளியே நிறுத்தினார். நேரே பின்பக்கம் போனார். அடிக்கட்டைகளின் நடுவே நின்றார். குரலை உயர்த்தவில்லை. ஒவ்வொரு கட்டையாகப் போய்ப் பார்த்து, தன் புத்தகத்தில் ஏதோ எழுதினார்.

"ஆர் வெட்டச் சொன்னது?"

கணவன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "நீங்கதான் சார்."

"நானோ?"

"நம்பர் போட்டிருந்தீங்க."

"நம்பர் போட்டது நிக்கவேண்டிய மரத்துக்கு."

"நிக்கிற மரத்துக்கு எதுக்கு சார் நம்பர்? அது பாட்டுக்கு நிக்கும்."

உத்தியோகத்தர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கணவன் தோட்டத்து வழக்கத்தைச் சொன்னார். தார், கணக்கப்பிள்ளை, பேர், எல்லாம். உத்தியோகத்தர் இறுதிவரை கேட்டார். முடிந்த பிறகு, "நான் தோட்டம் காணேல்லை" என்றார். "எனக்கு இது தெரியாது."

பிறகு கையிலிருந்த கோப்பைத் திறந்தார். மேலே குண்டூசியால் குத்தியிருந்தது என்னுடைய செய்திக் கட்டம். என்னைப் பார்த்தார்.

"இது உங்கட எழுத்தோ?"

"ஓம்."

"கந்தோருக்கு வந்து என்னைக் கேட்டிருக்கலாம்."

"வந்தனான். நீங்கள் இல்லை."

"அடுத்த நாள் இருந்தனான்" என்றார்.

அது உண்மையாகத்தான் இருக்க வேண்டும். நான் அடுத்த நாள் போகவில்லை. அடுத்த நாள் நான் குற்றிகளை அளந்துகொண்டிருந்தேன். செய்திக்கு ஒரு திருத்தம் எழுதி அன்றே அனுப்பினேன். அது அச்சில் வரவில்லை. அந்தக் கட்டத்துக்காக அவர் அக்காவின் விண்ணப்பத்தில் கை வைப்பார் என்று அன்று முதல் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் அடிக்கட்டை ஒன்றில் உட்கார்ந்து அக்காவிடம் பேசினார். மரம் போய்விட்டதால் முதல் நிபந்தனை போய்விட்டது. ஆனால் மேலிடம் கந்தோருக்கு அனுப்பிய சுற்றுநிருபத்தில் இன்னொரு பந்தி உண்டு. இருந்தது அழிந்த இடத்தில் வேறொன்றைச் செய்து கொடுக்கலாம். பின்பக்கம் கால் ஏக்கரை உழாமல், பயிரிடாமல் விட வேண்டும். அதில் மழைநீர் தேங்கும்படி ஒரு குழி வெட்ட வேண்டும், கோடையில் மிருகங்கள் குடிக்க. குழியைச் சுற்றி அதே சாதிக் கன்றுகள். கால் ஏக்கரின் நான்கு மூலைக்கும் கட்டை அடிக்கப்படும். ஒப்புதல் கடிதத்தில் கைநாட்டு வேண்டும். பங்குனி முடிவதற்குள் எல்லாம் ஆகாவிட்டால் இந்த வருடத்துச் சீமெந்து வேறு ஆளுக்குப் போய்விடும். அடுத்த வருடம் திட்டம் இருக்குமா என்று தனக்குத் தெரியாது.

"நாலு மூலைக்கும் கட்டையா?" என்றார் அக்கா.

"அடையாளத்துக்கு."

"போன தடவையும் அடையாளம்தான் போட்டீங்க."

அவர் கோப்பை மூடி எழும்பினார். படிவத்தை வைத்துவிட்டுப் போனார். பின்சுவரோடு இருந்த வைக்கோல் குவியலுக்குப் பக்கத்தால்தான் நடந்து போனார். ஒரு வைக்கோல் தாள்கூட மூடாத முதிரைக் குற்றி ஒன்றின் முனை வெளியே தெரிந்தது, இலக்கம் ஏழு. அவர் அதைக் கண்டார். நான் அவர் கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தறித்த முதிரையைப் பறிமுதல் செய்யலாம், வழக்குப் போடலாம். அவர் எழுதவில்லை. இதற்கு விலை பிறகு வரும் என்று நினைத்தேன்.

கடைக்காரர் முடிவாகச் சொன்னார்: "கால் ஏக்கருக்குக் கட்டை அடிச்சால் அடுத்த வருஷம் அரை ஏக்கர். கைநாட்டு வைக்காதேங்கோ."

நான் அக்காவிடம், சட்டத்தைப் பார்க்கும்வரை வைக்க வேண்டாம் என்றேன். பங்குனி முழுவதும் சட்டத்தைத் தேடினேன். கிளிநொச்சியில் இரண்டு கந்தோர், வவுனியாவில் ஒன்று. ஒரு இடத்தில் அப்படி ஒரு சட்டம் வரப்போகிறது என்றார்கள். இன்னொரு இடத்தில் எப்போதோ வந்துவிட்டது, சிங்களத்தில் இருக்கிறது என்றார்கள். மூன்றாவது இடத்தில் அது சட்டமே இல்லை, பணம் கொடுக்கும் வெளிநாட்டுக்காரரின் ஆசை என்றார்கள். மூன்று இடத்திலும் காட்டுவதற்கு ஒரு கடதாசி இல்லை.

வவுனியாவிலிருந்து திரும்பிய மறுநாள் மல்லாவி வீதியால் போனேன். அங்கே ஒரு பெரிய நெல் களஞ்சியம் கட்டிக்கொண்டிருந்தார்கள். யாருடையது என்று பலகை இல்லை. மூன்று ஏக்கர் காட்டை மண் தள்ளும் இயந்திரம் ஒரே கிழமையில் வழித்திருந்தது. ஒரு பற்றைகூட மிஞ்சவில்லை. வேலை மேற்பார்வையாளரிடம், காட்டு உயிர்களுக்கு ஏதும் நிபந்தனை உண்டோ என்று கேட்டேன்.

"இருக்கு. செய்தும் போட்டம்" என்று கட்டடத்தின் முன்பக்கம் கூட்டிப் போனார்.

பாதியாக அறுத்த தார்ப் பீப்பாய் பன்னிரண்டு. ஒவ்வொன்றிலும் ஒரு வேப்பங்கன்று. எண்ணினேன். ஒன்பது காய்ந்திருந்தன.

"தண்ணி ஊத்திறேல்லையோ?"

"பரிசோதனை முடிஞ்சுதுதானே."

பீப்பாயில் இலக்கம் இல்லை. மூலைக்குக் கட்டை இல்லை. அதே சட்டம்தான் என்றால், அது மூன்று ஏக்கர்க்காரனிடம் பன்னிரண்டு பீப்பாய் கேட்கிறது, ஒரு ஏக்கர்க்காரியிடம் கால் ஏக்கர் கேட்கிறது. இதை எடுத்துக்கொண்டு உத்தியோகத்தரிடம் போனேன். இம்முறை அவர் மேசையில் இருந்தார்.

"பெரிய கட்டடத்துக்கு வேற கந்தோர்" என்றார். "எனக்கு அதில கை இல்லை. நான் போய்ப் பார்த்தனான். எழுதியும் அனுப்பினனான்."

"பதில்?"

"கடிதம் வரும் எண்டவை."

இதைச் சொல்லும்போது அவர் சிரித்தாரா என்று இன்றும் எனக்கு நிச்சயமில்லை.

சுற்றுநிருபத்தைக் கேட்டேன். மேசை லாச்சியைத் திறந்து எடுத்துத் தந்தார். ரோணியோ இயந்திரத்தில் பிரதி அடித்த ஒரே ஒரு தாள். அந்த வசனம் இருந்தது, முன்னர், பின்னர், எல்லாம். மற்றப் பந்தியும் இருந்தது. ஆனால் எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவின் கீழ் என்று இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கோடு மட்டும் இழுத்திருந்தது. கையொப்பம் வாசிக்க முடியவில்லை. கால் ஏக்கர் யாருக்குச் சொந்தம் என்பது பற்றி ஒரு சொல் இல்லை.

"கட்டை அடிச்ச பிறகு அந்தத் துண்டு ஆருக்குச் சொந்தம்?"

"அவையின்ரதான்."

"எங்க எழுதியிருக்கு?"

"எழுதேல்லை" என்றார். "எழுதாட்டிலும் அவையின்ரதான்."

வாய்ச்சொல்லை நம்பினால் நிருபர் வேலை செய்ய முடியாது. அன்று மாலை அக்காவிடம் எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொன்னேன்: சட்டத்துக்கு இலக்கம் இல்லை, கையொப்பம் தெரியவில்லை, காணி யாருக்கு என்று எழுதவில்லை, களஞ்சியக்காரனுக்கு வேறு நீதி. பங்குனி முடிய ஒன்பது நாள் இருந்தது.

அவர் அடுப்படியில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தார். "சட்டம் இல்லைன்னா சீமெந்தும் இல்லையா தம்பி?"

"சீமெந்து இருக்கு. நிபந்தனையும் இருக்கு. சட்டம்தான் தெரியேல்லை."

"அப்ப நீங்க தேடுங்க. நாங்க குழி வெட்டுறோம்."

"கால் ஏக்கர் போகக்கூடும் அக்கா."

"போனா முக்கா ஏக்கரு மிஞ்சும். கடதாசி இல்லாட்டி முழுசும் போகும்." ரொட்டியைத் திருப்பிப் போட்டார். "போன தடவ ஒங்க பேச்சக் கேட்டோம். கோவமில்ல. கேட்டோம், அவ்வளவுதான்."

நான் படிவத்தை விரித்துக் கொடுத்தேன். அவர் அன்றே கைநாட்டு வைத்தார். படிவத்தை நான்தான் கொண்டு போய்க் கொடுத்தேன்.

உத்தியோகத்தர் கேட்டது ஒரு குழி. அவர்கள் வெட்டியது அப்படி இருக்கவில்லை. தோட்டத்தில் மலைச் சரிவில் மழைத்தண்ணி வடியக் கான் வெட்டிப் பழகியவர்கள் அவர்கள். மழைத்தண்ணி எந்தப் பக்கம் ஓடும், எங்கே மண்ணை அரிக்கும், எங்கே நிறுத்தினால் நிற்கும் என்பது அக்காவுக்குக் கால் வைத்த உடனே தெரிந்தது. இங்கே சரிவு கண்ணுக்கே தெரியாது. அவர் ஒரு தட்டில் தண்ணீரை வைத்து நிலத்தில் குனிந்து பார்த்தார். காணியின் முன்பக்கத்திலிருந்து சாய்வாக இரண்டு கான்கள், அவை சேரும் இடத்தில் நீள்சதுரமான குழி, குளப்பக்கம் மட்டும் படிப்படியாகச் சரித்துவிட்டது, மிருகம் இறங்கி ஏற. அளவுகோல் ஒரு தடி, அதில் சாண் சாணாகக் கத்தியால் வெட்டிய கோடுகள். ஏழு நாள். கணவன் வெட்ட, அவர் மண்ணைக் கூடையில் சுமந்து போய் வீடு கட்டும் இடத்தில் கொட்டினார். அத்திவாரம் அப்படி ஒரு முழம் உயர்ந்தது.

உத்தியோகத்தர் வந்து கானோடு நடந்து போய்ப் பார்த்தார். நாடாவால் குழியை அளந்தார். நான்கு மூலைக்கும் கட்டை அடிப்பித்தார். கடைக்காரர் வேலிக்கு வெளியே நின்று கட்டைகளை ஒவ்வொன்றாக எண்ணி, "நாலு" என்று எனக்குக் கேட்கச் சொன்னார்.

சித்திரையில் சீமெந்து வந்தது. ஆவணிக்குள் வீடு எழும்பியது. இரண்டு அறை, ஒரு குசினி. நிலை, கதவு, யன்னல், வளை எல்லாம் பின்சுவரோடு கிடந்த குற்றிகளில் அறுத்தது. அதை மறைக்க முடியாது. முதிரைப் பலகையின் மஞ்சள் வீதியிலிருந்தே தெரிந்தது. உத்தியோகத்தர் இரண்டு முறை வந்தார், சுவர் உயரம் பார்த்தார், போனார். ஒரு பலகை கேட்பார் என்று பார்த்திருந்தேன். கேட்கவில்லை. ஒரு கோழி கொடுத்தால் வாங்குவாரா என்று கடைக்காரர் சோதித்துப் பார்க்கச் சொன்னார். அக்கா கொடுத்தார். உத்தியோகத்தர், தான் மச்ச மாமிசம் சாப்பிடுவதில்லை என்றார். "சீனியும் இல்லை, கோழியும் இல்லை. இவன் பெரிசா என்னவோ எதிர்பார்க்கிறான்" என்றார் கடைக்காரர். நானும் அதே யோசனையில்தான் இருந்தேன், அதை வாய்விட்டுச் சொல்லவில்லை என்பதுதான் வித்தியாசம்.

ஐப்பசி மழையில் குழி முதல் முறையாக நிறைந்தது. காலை நடையில் அதன் படியில் கால் தடங்களைப் பார்ப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. கீரி, உடும்பு, ஒரு தடவை புள்ளிமான். காட்டுப்பன்றி வந்து மரவள்ளியில் இரண்டு வரிசையைக் கிண்டிவிட்டுப் போனது. அக்கா பன்றியைத் திட்டும்போது உத்தியோகத்தரையும் சேர்த்துத் திட்டினார். குழியைச் சுற்றி நட்ட பாலைக் கன்றுகளில் ஆறு பிழைத்தன, முழங்கால் உயரம். குரங்குகள் அந்தப் பக்கம் வரவில்லை.

அந்த மழைக் காலத்திலேயே உத்தியோகத்தருக்கு மன்னாருக்கு மாற்றம் வந்தது. சொல்லிக்கொள்ள வரவில்லை. அவருக்குப் பதிலாக வந்தவர் முதல் நாளே எங்கள் பக்கம் வந்து, நான்கு கட்டைகளையும் பார்த்து, வரைபடத்தில் ஏதோ குறித்துக்கொண்டு போனார். அவர் தேத்தண்ணிக்கு மூன்று கரண்டி சீனி போட்டார். இந்த முறை கடைக்காரருக்கு அதுவும் பிடிக்கவில்லை. "கையெழுத்து வாங்கினவனை மாத்திப்போட்டு, எடுக்கிறவனை அனுப்பியிருக்கினம்" என்றார். நில அளவையாளர் இருவர் சங்கிலியோடு வந்து ஒரு நாள் முழுக்க அளந்தார்கள். எதை அளக்கிறீர்கள் என்று கேட்டேன். எல்லாத்தையும் என்றார்கள். கால் ஏக்கரின் கட்டைகளிலிருந்து அளவு தொடங்கியதை நான் குறித்து வைத்தேன். அக்கா அன்று வேலைக்குப் போகவில்லை. வாசலில் கதிரையைப் போட்டு உட்கார்ந்து, சங்கிலி போகும் பக்கமெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்.

எண்பத்திமூன்று தை மாதம், பதிவுத் தபாலில் ஒரு நீள உறை வந்தது. அக்கா கையை முந்தானையில் துடைத்து, கைநாட்டு வைத்து வாங்கினார். இம்முறை அவரே பிரித்தார். உள்ளே அனுமதிப்பத்திரம். அவருடைய பெயரும் கணவனுடைய பெயரும் இருந்தன. நான்கு எல்லைகளும் எழுதியிருந்தன.

"காணி எவ்வளவுன்னு போட்டிருக்கு?" என்றார் கணவன்.

விஸ்தீரணம் என்ற இடத்தில் தட்டச்சில் இருந்தது: ஏக்கர் 1, றூட் 0, பேர்ச் 0.